இட்லிக் கொப்பரையில் கற்பூரம்

நவம்பர் 2, ஞாயிறு

கீழ்வீட்டு ஷீலா தேஷ்பாண்டே வீட்டு முற்றத்தில் துளசி கல்யாணம். வந்திருந்தவர்கள்: ஷீலா (பெண்ணுக்குத் தாயார் ஸ்தானம்), மூன்றாம் மாடி பானு (கல்லூரியில் வேதியியல் பாடம் எடுப்பவள், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த மராத்தி ஊரின் கட்கியில்), பாணேரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த சியாமளா மாமி, பிரசாதத்தை முன்னிட்டு இவர் (என் வீட்டுக்காரர்), அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. ஏன் இவ்வளவு துல்லியமாக எழுதுகிறேன் என்றால், இன்று நான் ஒரு வாய்ச்சவடால் விட்டுவிட்டேன், பின்னால் சாட்சி தேவைப்படும்.

மாமி கைப்பையில் பச்சைக் கற்பூரம் இல்லாமல் லிஃப்ட்கூட ஏற மாட்டார். தீர்த்தத்தில் ஒரு துளி போட்டுவிட்டு, "திருச்சிலேர்ந்து என் தம்பி அனுப்பறது. இந்த ஊர்ல இதெல்லாம் கிடைக்காது" என்றார். வருடா வருடம் சொல்வதுதான். ஔந்தில் வாடகை ஹாலில் இருக்கும் நம் பெருமாள் சந்நிதியில் வைகுண்ட ஏகாதசித் தீர்த்தத்துக்குக் கற்பூரம் கொடுப்பது மாமியின் கைங்கரியம்.

பானுவுக்கு நேரம் காலம் தெரியாது. "மாமி, இப்ப வர்றது முக்காவாசி ஃபாக்டரி மால். டர்பன்டைன்லேர்ந்து பண்றாங்க" என்றாள்.

"பெயிண்ட்ல கலப்பாளே, அதுவா?" என்று இவர் வேறு எடுத்துக் கொடுத்தார்.

மாமியின் முகம் அவல் ஊறினது போல் ஆகிவிட்டது. அதோடு நின்றிருக்கலாம். பானு சுவரோரம் நான் வைத்த செடிகளைக் காட்டி, "உங்க கற்பூரத் துளசிலயே நெஜக் கற்பூரம் இருக்கு அக்கா. எடுக்கத்தான் ஆள் இல்ல" என்றாள்.

"நான் எடுக்கறேன். இந்த ஏகாதசிக்குத் தீர்த்தத்துல அதுதான்" என்றது என் வாய்.

மாமி சிரித்தார். உதட்டில் மட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

சந்நிதிப் பட்டருக்குப் போன் செய்தேன். துளசியை வேகவைத்தால் பாவமா?

"கஷாயம் குடிக்கறவா எல்லாம் நரகத்துக்கா போறா?" என்றார். பிறகு சற்று யோசித்து, "ஆனா ரோஹிணி மாமி, அது கற்பூரந்தான்னு தெரிஞ்சவா சொன்னாத்தான் தீர்த்தத்துல சேர்ப்பேன். வாசனையை நம்பி ஊருக்கெல்லாம் கொடுக்க முடியாது" என்றார்.

நியாயம்தான். வாசனையை நம்பித்தானே இத்தனை வருஷம் கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை.

பானுவிடம் கல்லூரிச் செய்முறைப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். நீராவியில் இலையின் எண்ணெய் ஏறி வரும், குளிரவைத்தால் இறங்கும், அதில் கற்பூரம் உறையும். இவ்வளவுதான். ரசம் வைக்கத் தெரிந்தவளுக்கு இது பெரிய விஷயமா?

நவம்பர் 8, சனி

பெரிய விஷயம்தான்.

குக்கரில் இலை, விசில் இருக்கும் இடத்தில் ரப்பர் குழாய், குழாய் ஐஸ் வாளிக்குள். முதலில் அழகாகச் சொட்டியது. அப்புறம் சொட்டு நின்றது. கற்பூரம் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொண்டதாம், பானு பின்னால் சொன்னாள். குக்கருக்கு அது தெரியாதே? பக்கத்து வால்வு பிய்த்துக்கொண்டு, வெந்த துளசி மொத்தமும் சீலிங்கில்.

நான் நல்லவேளை ஹாலில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். பெருமாள்தான் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்.

என்ன ஆச்சு என்று ஷீலா கீழேயிருந்து ஓடிவந்தாள். "காய் ஜாலா வஹினி?"

"சட்னி" என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சீலிங் துடைத்தேன். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், அறிவுரையையும் பிடித்துக்கொண்டார்.

நவம்பர் 14, வெள்ளி

பானு கண்டித்துவிட்டாள். "அடைபட்ட பாத்திரத்துல நீராவி நக்கோ அக்கா, வேணவே வேணாம், உயிரு போயிடும். தெறந்த மாதிரி ஏதாவது பண்ணுங்க."

திறந்த மாதிரி ஏதாவது? இட்லிக் கொப்பரை! அடியில் தண்ணீர், தட்டில் இலை, நடுவே ஒரு கிண்ணம். மூடியைக் கவிழ்த்துப் போட்டு, குழியில் ஐஸ். ஆவி மேலே போய் மூடியில் குளிர்ந்து கிண்ணத்தில் விழ வேண்டியதுதான். ஓரத்தில் கசிந்தால் கசியட்டும், வெடிக்காது.

மூடியைத் திறந்தபோது அதன் உள்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. நம் ஊர் சுண்ணாம்புச் சுவரில் மார்கழியில் பூக்குமே, அந்த மாதிரி. தொடவே மனசு வரவில்லை. விழுந்து சேவித்துவிட்டுத்தான் ஸ்பூனால் சுரண்டினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சுரண்டியது சற்றே மஞ்சள், எண்ணெய்ப் பிசுக்கு. சுத்தம் செய்ய வழி: கற்பூரம் உருகக் காத்திருக்காமல் நேரே ஆவியாகும். டபராவில் அதைப் போட்டு, மேலே ஐஸ் நிறைந்த டம்ளரை உட்கார வைத்து, அடுப்பைச் சிம்மில் வைத்தேன். ஜன்னல் எல்லாம் திறந்து, அடுப்பைவிட்டு நகராமல். பிசுக்கு கீழே தங்கிவிட்டது. டம்ளரின் அடியில் பனி. வெள்ளை வெளேரென்று.

இரண்டு நாளாக ஃபில்டர் காபி கிடையாது. டபரா டம்ளர் வேலையாக இருக்கிறது. இவர் டீ பையை வெந்நீரில் முக்கிக் குடித்துவிட்டு, "ஆராய்ச்சி எப்போ முடியும்?" என்கிறார்.

நவம்பர் 17, திங்கள்

எனக்கு இதுவரை புரியாதது இன்று புரிந்தது. என் கற்பூரமும் ஆலைக் கற்பூரமும் ஒரே வாசனை, ஒரே சூட்டில் உருகும். அப்படியானால் எதை வைத்து வித்தியாசம் சொல்வது?

பானு வாசலில் கிடந்த செருப்புகளைக் காட்டினாள். "செடி வலது கால் செருப்பு மட்டும்தான் செய்யும் அக்கா. ஃபாக்டரி ரெண்டு காலும் சரிபாதி செய்யும். எங்க காலேஜ்ல ஒரு மிஷின் இருக்கு, அதுக்குள்ள ஒரே தினுசா வெளிச்சம் போகும். செடிக் கற்பூரம் அந்த வெளிச்சத்த ஒரு பக்கமாத் திருப்பும். ஃபாக்டரிது ஒண்ணு வலப்பக்கம் இழுக்கும், ஒண்ணு இடப்பக்கம் இழுக்கும், கடைசில அசையவே அசையாது."

படைத்தவன் கையெழுத்து இது. வேறு என்ன சொல்ல?

பொடியைக் குங்குமச் சிமிழில் போட்டு மூடினேன். ஃபிரிட்ஜில் வைத்தால் தோசைமாவு தைலம் போல் மணக்கிறது. அதனால் பூஜை அலமாரியில், பெருமாள் காவலில்.

நவம்பர் 24, திங்கள்

சிமிழைத் திறக்காமலேயே பானுவிடம் கொடுத்தேன். திறந்தால் பறந்துவிடும் என்று பயம்.

நேற்று பஜனையில் பட்டரே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "ரோஹிணி மாமி ஆத்துல கற்பூரம் எடுத்திருக்கா. பரிசோதனை சரியா வந்தா இந்த ஏகாதசிக்கு அதுதான்." சியாமளா மாமி தாளத்தைக் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

நவம்பர் 28, வெள்ளி

அசையவில்லை.

பானு என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "மூணு தடவ வச்சுப் பாத்துட்டேன் அக்கா. ஜீரோ. இது ஃபாக்டரிதுதான்."

நான் எடுத்ததுடீ. என் கையால எடுத்தது. என் சீலிங்கைப் போய்ப் பாரு.

நவம்பர் 30, ஞாயிறு

பட்டர் கேட்டார். பொய் சொல்ல முடியுமா, பெருமாள் எதிரே நின்றுகொண்டு? அசையவில்லை என்றேன்.

சியாமளா மாமி யாரையும் பார்க்காமல், ஜால்ராவைத் துணியில் சுற்றிக்கொண்டே, "கடைல வாங்கி டம்ளர்ல ஒட்ட வச்சா அசையுமா பாவம்" என்றார்.

இரண்டு பேர் சிரித்தார்கள். பட்டர் சிரிக்கவில்லை. ஆனால், "இந்த வருஷம் வழக்கம்போல சியாமளா மாமியே கொடுத்துடட்டும்" என்றார்.

கற்பூரம் போனால் போகட்டும். சந்நிதியில் நின்று பொய் சொன்னவள் என்று ஆகிவிட்டதே. இனி நான் ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுபோனாலும் கடையில் வாங்கியது என்பார்கள்.

டிசம்பர் 1, திங்கள்

மாதாந்தர ஏகாதசி, உபவாசம். (வைகுண்ட ஏகாதசி இந்த மாசக் கடைசியில்.) வேறு யோசனைக்கு வழி இல்லாமல் இதே யோசனை.

செடியே ஏமாத்தறதா? பெருமாளே, நீயே பாத்துண்டுதானே இருந்தே? உன் கண் முன்னாலதானே வச்சேன்? அப்புறம் என்ன ஆச்சு — சொல்லேன். எனக்கு மட்டும் சொன்னாப் போறும்.

இவர் மட்டும் இன்று வழக்கத்துக்கு மாறாக இருக்கிறார். கேட்காமலே கறிகாய் வாங்கி வந்தார். கொத்தமல்லிகூட மறக்கவில்லை. முப்பது வருஷத்தில் கொத்தமல்லி மறக்காமல் வந்தது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 2, செவ்வாய்

பானு மிச்சத்தைச் சிமிழோடு திருப்பிக் கொடுத்தாள். இனிமேல் எதற்கு என்று திறந்தேன்.

பொடிக்கு நடுவே ஒரு சின்னத் துண்டு. அதற்கு ஒரு மூலை இருந்தது. கத்தியால் வெட்டினது போல் நேரான இரண்டு பக்கம், ஒரு கூர் மூலை.

டம்ளரில் பனியாகப் படிந்து சுரண்டின பொருளுக்கு மூலை ஏது? அச்சில் போட்டு அழுத்தின கடை வில்லைக்குத்தான் மூலை இருக்கும்.

என் வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருத்தி நான்.

இப்போது கொத்தமல்லி புரிகிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரி சாதத்துக்கு நெய் அதிகமாகவே விட்டேன். மனுஷன் கொஞ்சம் கலங்கினார்.

டிசம்பர் 3, புதன்

இவர் ரஞ்சன்காவ் ஆலையில் தரக் கட்டுப்பாடு. "சாம்பிளைத் தொட்டவன் கையை வெட்டணும்" என்று ஆலைப் பையன்களுக்குப் பாடம் எடுப்பவர்.

கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி சோபாவில் சாய்ந்ததும் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். எதிர்முனையில் யாரும் இல்லை. சத்தமாக:

"அப்படியா பானு? தொட்டவா விரல்ல நீலமா வருமா?... உடனே வராதா?... ஓ, மெதுவாத்தான் தெரியுமா... அலம்பினாலும் போகாதா? அடப்பாவமே."

வைத்துவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தேன். பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம். நின்றது. திரும்பவும் விழுந்தது. சமையலறைக்கு வந்து பாத்திரம் தேய்க்கும் நாரைத் தேடினார். எடுத்துக்கொண்டு போனார். நான் கீரையில் கண்ணாக இருந்தேன்.

கடைசியில் தானே வந்து பத்து விரலையும் நீட்டினார். "நீலமா இல்லியே? செவப்பாத்தானே இருக்கு?"

நான் எதுவுமே கேட்கவில்லை. பெருமாள் சாட்சி.

நடந்தது இது: சிமிழைப் பானுவிடம் கொடுப்பதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் நான் கீழே ஷீலா வீட்டில் இருந்தபோது இவர் ஆரத்தி எடுக்கப் போயிருக்கிறார். கற்பூர டப்பா காலி. பக்கத்தில் சிமிழ். கொளுத்திக் காட்டிவிட்டார். அப்புறம்தான் அது என்னவென்று உறைத்திருக்கிறது. ஓடிப்போய்க் கடையில் வில்லை வாங்கி, குழவியால் நுணுக்கி நிரப்பியிருக்கிறார்.

"என்னன்னா பண்ணிட்டேள்!"

"நீ யாருக்குன்னு எடுத்தே? பெருமாளுக்குத்தானே? பெருமாளுக்குத்தானே காட்டினேன்?"

யோசித்துப் பார்த்தால் முதல் விளைச்சல் முழுக்க நேரே அவனுக்கே போயிருக்கிறது. ஊருக்குத் தெரியாமல், தீர்த்தக் கிண்ணம்கூட இல்லாமல்.

"பெருமாளுக்குக் காட்டினது என் கற்பூரம். பானுவுக்குக் காட்டினது கடைச் சரக்கு. அதைச் சொல்லுங்கோ" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தை முடிக்கவே இல்லை, பாதியில் நிற்கிறது.

"ஞாயித்துக்கிழமை நானே எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொல்லிடறேன்" என்றார்.

"வேண்டாம். புருஷனைச் சொல்லித் தப்பிச்சுண்டாள்னு மாமி சொல்வார். எனக்கு இலை வேணும். நெறைய வேணும். உங்க பொறுப்பு."

என் செடிகளில் குச்சிதான் மிச்சம். இலைக்கு எங்கே போவார், போகட்டும்.

டிசம்பர் 6, சனி

ஷீலாவின் அண்ணன் நிலம் ரஞ்சன்காவுக்குப் பக்கத்தில்தான். வேலியோரம் முழுக்கக் காப்பூர் துளசியாம், நம் கற்பூரத் துளசிதான், மாடு கடிக்காது என்று வைத்தது. இவர் ஷிஃப்ட் முடிந்து போய், சேவித்துவிட்டு, பறித்து, இரண்டு மூட்டை கட்டிக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார். வழியெல்லாம் பஸ்ஸில் இருந்தவர்களுக்கு மூக்கு திறந்துகொண்டதாம். டிரைவர் மட்டும், "சாஹேப், யாராவது போய்ட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

ராத்திரி ஒன்பது மணி வரை இலை உருவினார். தரக் கட்டுப்பாடு என்றால் இதுதான்: பழுத்த இலை ஒன்றுகூட இல்லை.

டிசம்பர் 10, புதன்

கொப்பரை, டபரா, டம்ளர். பனி விழுந்தது.

இந்தத் தடவை சிமிழ் பூஜை அலமாரியில் இல்லை. பகலில் என் இடுப்பில், ராத்திரி தலையணைக்கு அடியில். இவருக்குப் பனிக்கால மூக்கடைப்பு வரவே இல்லை.

டிசம்பர் 12, வெள்ளி

பானு கையில் நேராகக் கொடுத்தேன். அவள் என் எதிரிலேயே சிறு பாட்டிலுக்கு மாற்றி, மூடி, மேலே டேப் ஒட்டினாள்.

"இதத் தொட்டவங்க விரல்ல என்ன கலர் வரும் அக்கா?" என்று இவரைப் பார்த்துக் கேட்டாள். இவர் பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

டிசம்பர் 19, வெள்ளி

பானு கல்லூரியிலிருந்தே கூப்பிட்டாள். மாவு கையோடு எடுத்தேன்.

"அக்கா, திரும்பிடுச்சு! வலப்பக்கம்!"

இன்னொரு மிஷினிலும் போட்டாளாம். அதில் இருக்கிற சரக்கெல்லாம் பேப்பரில் கோபுரம் கோபுரமாக வருமாம். என்னுடையதற்கு ஒரே ஒரு பெரிய கோபுரம், கற்பூரத்துக்கு வரவேண்டிய இடத்திலேயே. பக்கத்தில் சொல்லும்படியாக வேறு ஒன்றும் இல்லை. "எங்க பிஎச்டி பசங்ககூட இவ்ளோ க்ளீனாத் தரமாட்டாங்க. ஆனா தீர்த்தத்துல கடுகளவுக்கு மேல நக்கோ. அதிகமானா வெஷம். சின்னக் கொழந்தைங்களுக்கு வேணவே வேணாம். பட்டர்ட்ட சொல்லிடுங்க."

வலம். பெருமாளைச் சுற்றி வருகிற பக்கம். மாவு காய்ந்து விரலெல்லாம் வெள்ளையாகிற வரை அப்படியே நின்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

பானு எழுதிக் கொடுத்ததைப் பட்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ரோஹிணி மாமி, அன்னிக்கு, என்ன ஆச்சுன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கலை" என்றார். பிறகு எல்லாரையும் பார்த்து, "தீர்த்தத்துக்கு இந்தச் செடிக் கற்பூரந்தான்" என்றார்.

நான் சியாமளா மாமியைப் பார்த்தேன். இதற்காகவே நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன், ஒத்துக்கொள்கிறேன். மாமி ஜால்ராவைத் தட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புறப்படும்போது செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் என் முழங்கையைப் பிடித்தார்.

"அன்னிக்கு ஏதோ பேசிட்டேன்."

"போறது மாமி."

கைக்குள் கைக்குட்டையில் எதையோ மடித்துத் திணித்தார். "என் தம்பி அனுப்பினது. இதையும் அந்த மிஷின்ல வச்சுப் பாக்கச் சொல்றயா? எனக்கு மட்டும் சொல்லு. எங்காத்துக்காரர் போனதுக்கப்புறம் பெருமாளுக்குன்னு நான் பண்றது இது ஒண்ணுதாண்டீ. இத்தனை வருஷமா டர்பன்டைனையா கொடுத்தேன்னு தெரிஞ்சுண்டாகணும். தூக்கம் வரமாட்டேங்கறது."

'டீ' போட்டு மாமி என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 26, வெள்ளி

கல்லூரி லீவு. பானு எனக்காக ஒரு நடை போய் வந்தாள். மாமியின் பொட்டலம்: அசையவே இல்லை.

பால் பொங்குகிற நேரம் மட்டும் சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். அடுப்பை அணைத்தேன், சந்தோஷமும் அணைந்துவிட்டது. செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் தூக்கம் வரவில்லை என்று மாமி சொன்னது ஞாபகம் வந்தது.

எப்படிச் சொல்வது? பொய் சொல்லலாமா? "உங்களுதும் வலந்தான் மாமி" — மூன்றே வார்த்தை. ஆனால் மாமி கேட்டது தூக்கம் வருவதற்கு. பொய்யில் வருகிற தூக்கம் எத்தனை நாளைக்கு?

டிசம்பர் 27, சனி

இவரிடம் சொல்லவில்லை. இவர் ரகசியம் காக்கிற அழகுதான் தெரியுமே, கொத்தமல்லியிலேயே வெளிவந்துவிடும். விளக்கேற்றிவிட்டு மாமிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினது இது, இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"மாமி, நமஸ்காரம். உங்கள் பொட்டலத்தைப் பானு பார்த்துவிட்டாள். வலமும் இல்லை, இடமும் இல்லை. ஆலைச் சரக்குதான். உங்கள் தம்பியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவரும் நம்பித்தான் வாங்கியிருப்பார். நீங்களும் நம்பித்தான் கொடுத்தீர்கள். பெருமாளுக்கு எதை எடுத்துக்கொள்வது என்று தெரியும். இந்த விஷயம் பானுவுக்கும் எனக்கும் உங்களுக்கும் மட்டும்.

செவ்வாய்க்கிழமை ஏகாதசிக்கு எப்போதும் போல நீங்களே கற்பூரத்தைக் கொண்டுவந்து பட்டரிடம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாராவது கேட்டால் நாம் இருவரும் சேர்ந்து எடுத்தது என்று சொல்லலாம். அது பொய்யாகிவிடக் கூடாது. அதனால் நாளைக் காலை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். இவர் அதே வேலியிலிருந்து இன்னொரு மூட்டை கொண்டுவந்திருக்கிறார், ஒரு கொப்பரைக்கு இலை இருக்கிறது. பழைய புடவையாகக் கட்டிக்கொண்டு வாருங்கள், வாசனை போகாது. காபி மட்டும் நீங்கள் சாப்பிட்டுவிட்டு வர வேண்டியிருக்கும், என் டபரா டம்ளர் வேலையில் இருக்கும்.

வருவீர்களா மாட்டீர்களா என்று சீக்கிரம் பதில் போடுங்கள் மாமி. இலை வாடுகிறது."